எல்லாம் போனபின் எது மிஞ்ச வேண்டும்?

ஒரு கற்பனை. மின்சாரம், இணையம், தொழிற்சாலை, மருத்துவமனை, வங்கி எல்லாமே ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் பேர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் அடியிலிருந்து ஒரு வாழ்வைக் கட்டியெழுப்ப வேண்டும். அவர்கள் கையில் எந்த அறிவைக் கொடுத்துவிட்டுப் போவோம்?

கேட்பதற்குச் சினிமாக் கதைபோல இருக்கும். ஆனால் அறிவியல் மேதைகளும் இதை யோசித்திருக்கிறார்கள். 1961ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தத் தொடங்கிய ரிச்சர்ட் ஃபைன்மன், இதே கேள்வியை வகுப்பில் எழுப்பினார். அறிவியல் அத்தனையும் அழிந்து, ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியுமானால் எதைக் கொடுப்பது? எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது என்பதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பதில். அந்த ஒரு விதையிலிருந்து மற்றதையெல்லாம் சிந்தித்தே பெற்றுவிடலாம் என்று அவர் நம்பினார்.

ஃபைன்மனை மறுக்க நான் யார்? இருந்தாலும், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அணுவைப் பற்றிய வாக்கியம் அன்றிரவு உதவாது. அவளுக்கு உதவும் வாக்கியம் வேறு. என் பட்டியலை அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஆறு கரண்டி சர்க்கரை

1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது பல லட்சம் மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. எல்லையோர ஊரான பொங்காவில், மருத்துவமனைத் தரையிலேயே நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பு வழியே ஏற்ற வேண்டிய உப்புநீர் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பணியில் இருந்த டாக்டர் திலீப் மகாலனபிஸ் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்துப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளுக்கு உறவினர்களே குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். 100 பேரில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

வீட்டில் இருப்பதைக் கொண்டே செய்யக்கூடிய அளவு இதுதான்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவே. உப்பு கூடிவிட்டால் ஆபத்து. அதனால் அளவு முக்கியம். கிளினிக் பக்கத்தில் இருக்கும் இன்றைய நாளில் கிளினிக்குத்தான் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலரா வந்த உடல் வெறும் தண்ணீரைத் தக்கவைத்துக்கொள்வதில்லை. ஆனால் நம் குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் ஜோடியாக நுழையும் ஒரு வாசல் இருக்கிறது. காலராவிலும் அந்த வாசல் மூடுவதில்லை. அவை இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போய்விடுகிறது. சர்க்கரை சுவைக்காகச் சேர்ப்பதல்ல. அது உப்பை உள்ளே அழைத்துச் செல்லும் துணை. இந்தக் காரணம் தெரிந்தவர் அவசரத்தில் சர்க்கரையை விட்டுவிட மாட்டார். தெரியாதவர் விட்டுவிடக்கூடும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் காரணம் தெரியாத அறிவு கைநழுவிப் போகும். அது ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

கைக்கு வந்து நழுவிய மருந்து

நீண்ட கடற்பயணம் போன மாலுமிகளை ஸ்கர்வி என்ற நோய் கொன்றது. ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய புண்கள் மீண்டும் திறந்துகொள்ளும். 1747ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற இருவர்தாம் விரைவில் தேறினார்கள். 1795ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாற்றை மாலுமிகளுக்குக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஸ்கர்வி கப்பலை விட்டு இறங்கியது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1860களில் கடற்படை, மத்தியதரைக் கடல் பகுதியின் மஞ்சள் லெமனை விட்டுவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் தன் சொந்தக் காலனிகளில் விளைந்த பச்சை லைமுக்கு மாறியது. இரண்டும் புளிப்பு; இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தார்கள். நோயைத் தடுத்தது புளிப்பு அல்ல, வைட்டமின் சி என்பது அப்போது யாருக்கும் தெரியாது. லைமில் அது குறைவு. அந்தச் சாற்றைக் காற்றுப்பட வைத்து, செப்புக் குழாய்களின் வழியே அனுப்பியதில் இருந்த கொஞ்சமும் போனது.

இதை உடனே யாரும் கவனிக்கவில்லை. நீராவிக் கப்பல்கள் வந்து பயணங்கள் குறுகிவிட்டதால், மருந்து வேலை செய்யாதது வெளியே தெரியவில்லை. 1875இல் வட துருவத்தை நோக்கிப் போன பிரிட்டிஷ் பயணக் குழு லைம் சாற்றைக் கையோடு கொண்டுபோயும் ஸ்கர்வியில் விழுந்தது. அதற்குப் பிறகு மருத்துவர்கள் பழத்தின் மேலிருந்த நம்பிக்கையையே இழந்து, கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்று பேசத் தொடங்கினார்கள். 1901இல் தென் துருவத்துக்குப் புறப்பட்ட ஸ்காட்டின் குழுவிலும் ஸ்கர்வி தலைகாட்டியது. நோயின் வேர் பிடிபட்டு, வைட்டமின் சி அடையாளம் காணப்பட 1930கள் ஆகின.

நூறாண்டுக்கு மேல் கையில் இருந்த மருந்தை உலகின் வலிமையான கடற்படை தொலைத்தது. நூலகம் எரியவில்லை, ஏடு தொலையவில்லை. "பழச்சாறு கொடு" என்ற கட்டளை அப்படியே இருந்தது. "ஏன்" என்பது மட்டும் இல்லை. அதனால் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே, நாம் விட்டுச்செல்லும் எந்தக் குறிப்பிலும் "ஏன்" என்ற வரி இருக்க வேண்டும்.

"ஏன்" தெரியாத நிலையில் அதைத் தேடிப் பிடிக்கும் முறையும் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கு நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1879இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே, 1910இன் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை எதிர்கொள்ள அனுப்பப்பட்டார். கொள்ளைநோய் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் மனிதருக்கு வரும் என்று அப்போது எல்லாரும் நம்பினார்கள். அவர் இறந்த ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்து, இந்த நோய் நுரையீரலில் இருக்கிறது, மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று கண்டுகொண்டார். துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை அணியச் சொன்னார். அதை ஏற்காமல், கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாள்களில் அதே நோயில் இறந்துபோனார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்த நோய் சில மாதங்களில் அடங்கியது. பெரியவர்கள் சொன்னது சரியா என்று கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் பாதுகாக்க வேண்டிய அறிவுதான்.

வெற்றிலைப் பெட்டியில் ஒரு தொழிற்சாலை

நாகரிகத்தை மீண்டும் தொடங்க ஒரே ஒரு பொருளைச் செய்யக் கற்றுக்கொடுக்கலாம் என்றால், நான் சுண்ணாம்பைச் சொல்வேன். சிரிக்க வேண்டாம். நம் பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த அதே சுண்ணாம்பு.

பத்துமலையும் ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளும் சுண்ணாம்புக்கல். கடற்கரைக் கிளிஞ்சலும் அதே பொருள்தான். அதை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிவிடும். கல்லாக இருந்தது, மாவாகி, நாம் விரும்பிய வடிவில் மறுபடியும் கல்லாகிறது.

கட்டடத்தோடு அதன் வேலை முடியவில்லை. புளித்துப்போன நிலத்தைத் திருத்தும். தோலிலிருந்து மயிரை நீக்கிப் பதனிட உதவும். கரும்புச்சாற்றின் அழுக்கைத் தெளியவைக்கும். மரச்சாம்பலை ஊறவைத்து வடித்த நீரோடு சேர்த்தால் அதன் காரம் கூடும். அந்தக் கார நீரை எண்ணெயோடு காய்ச்சினால் சோப்பு. சோப்பு இருந்தால் பிரசவம் பார்க்கும் கை சுத்தமாகும். ஒரு பொருளிலிருந்து வீடு, வயல், செருப்பு, சர்க்கரை, சோப்பு வரை கிளை விரிகிறது.

இந்தச் சுண்ணாம்புக்கும் நமக்கும் சிங்கப்பூரில் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856க்கும் 1861க்கும் இடையில் கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து நாடுகடத்தி அனுப்பப்பட்ட கைதிகள். அதன் உட்சுவர்களுக்கு அவர்கள் பூசியது 'மெட்ராஸ் சுனாம்' எனப்பட்ட சாந்து. பெயரிலேயே நம் சுண்ணாம்பு இருக்கிறது. கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர், 1899இல் வெளிவந்த தம் நூலில் அதன் செய்முறையைக் குறித்து வைத்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம் மூன்றையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் கலந்து பூசி, காய்ந்தபின் உருண்டைக் கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள்.

ஓர் அதிகாரி எழுதி வைத்ததால் இந்தப் பொருள்களின் பெயர்கள் மிஞ்சின. ஆனால் சாந்து எந்தப் பதத்தில் கரண்டியிலிருந்து வழிய வேண்டும், எவ்வளவு காய்ந்தபின் கல்லை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைதிகளின் விரல்களில் இருந்த அறிவு. அது எழுத்துக்குள் முழுதாக அடங்காது. ஒருவர் பக்கத்தில் நின்று இன்னொருவர் செய்துதான் பழக வேண்டும்.

நிரையில் இருந்த பல்கலைக்கழகம்

விரல்களில் இருக்கும் அறிவைப் பற்றி நம்மைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல், அதே வெட்டில் மீண்டும் மீண்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்த ரிட்லி உருவாக்கினார். வரலாற்றுப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

ஆனால் அந்த முறையைக் கோடிக்கணக்கான மரங்களில் நாள்தோறும் செய்து காட்டியவை தோட்டத்துக் கைகள். மரம் குளிர்ந்திருக்கும்போது பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அதனால்தான் விடியுமுன்னே பெரட்டு, விளக்கோடு நிரை. பால் குழல்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து செல்வதால் வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழுக்குச் சரிய வேண்டும். கத்தி ஆழம் குறைந்தால் மங்கு நிறையாது. ஆழம் கூடி உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, புதிய பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இருட்டில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த 1 மில்லிமீட்டரைத் தவறவிடாத பெண்களை நாம் "படிக்காதவர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவர்களில் பலர் இன்று அடுக்குமாடி வீட்டின் சோபாவில் அமர்ந்து பேரப்பிள்ளைகளின் கைப்பேசியை வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை. நாகரிகம் பெரிய இடியோசையோடுதான் அழியும் என்பதில்லை. இப்படிக் கேட்காமல் விடுவதாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஒரே பிரதி போதாது

எழுதி வைத்தால் மட்டும் தப்பிவிடுமா? தமிழ் படித்த நமக்கு அந்தக் கவலை புதிதல்ல. ஓலைச்சுவடி பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை யாராவது உட்கார்ந்து படியெடுக்க வேண்டும். ஒரு தலைமுறை சோம்பினாலும் நூல் போயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் உ.வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தபோது, ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளைச் சேர்த்து ஒப்பிட்டுத்தான் பாடத்தைச் செப்பம் செய்தார். ஒரு வீட்டில் செல்லரித்த ஏடு இன்னொரு வீட்டில் தப்பியிருந்ததால்தான் அது முடிந்தது.

மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே இரவில் சாம்பலாயின. அவற்றில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. அச்சிட்ட புத்தகத்தை வேறிடத்தில் தேடலாம். ஒரே பிரதியாக இருந்ததை எங்கே தேடுவது?

இந்தப் பாடத்தை விதை காப்பவர்கள் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில், மலைக்குள் குடைந்த உலக விதைப் பெட்டகம் 2008இல் திறக்கப்பட்டது. பல நாட்டு விதை வங்கிகளின் மாற்றுப் பிரதிகள் அங்கே மைனஸ் 18 பாகையில் உறங்குகின்றன. சிரியாவின் அலெப்போ அருகே, வறண்ட நிலப் பயிர்களுக்கான ஆய்வு மையம் ஒன்று போரில் செயலிழந்தபோது, 2015இல் அவர்கள் அங்கிருந்து தங்கள் விதைகளைத் திரும்பப் பெற்றார்கள். பெட்டகம் அவ்வாறு திறந்து கொடுத்தது அதுவே முதல்முறை. லெபனானிலும் மொரோக்கோவிலும் அவற்றை விதைத்துப் பெருக்கி, 2017 முதல் மீண்டும் பெட்டகத்துக்கே ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினார்கள். எடுத்ததைப் பெருக்கி மறுபடி வைப்பதும் காப்பதில் ஒரு பகுதிதான்.

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

"எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே" என்று இளைய வாசகர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் வெள்ளத்தில் இரண்டு நாள் மின்சாரம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி என்ற விளக்கம் அந்த இரண்டு நாளில்தான் தேவைப்படும். அந்த இரண்டு நாளில்தான் திரை இருண்டிருக்கும்.

நான் சொல்வது மிகச் சிறிய வேலை. நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று, பேனா ஒன்று. முதலில் தண்ணீர்: தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் கிருமிகள் சாகும், அடுப்பே இல்லையென்றால், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம், மேகமூட்டமாக இருந்தால் 2 நாள், படுக்கவைக்கலாம். சூரியனின் புற ஊதாக் கதிர் கிருமிகளை அழிக்கும்; நீர் கலங்கலாக இருந்தால் கதிர் உள்ளே போகாது. அடுத்து அந்த ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும். பிறகு சோப்பு, விதை எடுத்து வைக்கும் முறை, காயத்தைக் கழுவும் முறை. அதன் பிறகு உங்கள் வீட்டுக்கே உரிய அறிவு: அப்பாவின் தச்சு, அம்மாவின் தையல், தாத்தாவின் பால்வெட்டு, பக்கத்து வீட்டு அத்தை ஊறுகாய் கெடாமல் வைக்கும் பக்குவம்.

மூன்று விதிகள் போதும். ஒவ்வொரு குறிப்பிலும் "எப்படி" என்பதற்குக் கீழே "ஏன்" என்று ஒரு வரி எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளோடு சேர்ந்து அதைக் கையால் செய்து பாருங்கள். முழுதும் படியெடுத்து, வேறொரு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒரு பிரதியை வையுங்கள்.

உலகம் அழியப் போகிறது என்று பயந்து இதைச் செய்ய வேண்டியதில்லை. அழியாவிட்டாலும் நட்டமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாட்டியும் பேத்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். எழுதும்போது சில இடங்களில் "ஏன்" என்ற வரி காலியாக நிற்கும். அதை நிரப்பத் தெரிந்தவர் யார் என்று அப்போது உங்களுக்கே தெரியும். அவரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.